நடக்கச் சொல்லும் கைபேசி

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கேட்டதும் தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இந்த இடைவெளியில் பெரும்பங்கு மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய் என்று ஊரில் எல்லோருக்கும் வருகிற நோய்களுக்கே உரியது. மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் ஓலான்சபைன், குளோசபைன் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றிவிடுகின்றன. புகைப்பழக்கம் இவர்களிடையே அதிகம். மனநோயாளி என்று தெரிந்துவிட்டால் அவர் சொல்லும் நெஞ்சுவலியைக்கூட முழுக் கவனத்தோடு கேட்காத மருத்துவர்களும் உண்டு. இவற்றோடு சேர்ந்துகொள்வது அசைவின்மை. 35,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி டேவி வான்காம்ப்ஃபோர்ட் குழுவினர் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, தீவிர மனநோய் உள்ளவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 476 நிமிடங்களை, அதாவது ஏறக்குறைய 8 மணி நேரத்தை, உட்கார்ந்தோ சாய்ந்தோ கழிக்கிறார்கள். இவர்களை எழுந்து நடக்கவைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்பதில்தான் சிக்கல். கடந்த 15 ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்களும் சுகாதாரத் துறையினரும் விரும்பி நீட்டுகிற விடை, கைபேசி. எல்லோர் கையிலும் இருக்கிறது, செய்தி அனுப்ப ஆகும் செலவு சில காசுகள், ஒரே சொடுக்கில் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேரும். இந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், குறுஞ்செய்தியின் பலன் அதன் வாசகத்தைவிட, அது யாரை, எங்கே, எதற்குக் கூப்பிடுகிறது என்பதைச் சார்ந்திருப்பது தெரிகிறது. போய்ச் சேர ஓர் இடமும், அங்கே எதிர்பார்த்து நிற்க ஓர் ஆளும் இல்லாத அழைப்பை எத்தனை அழகாக எழுதினாலும் அது சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது.

நினைவூட்டும் செய்தி எதுவும் இரண்டில் ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது: அவருக்குத் தெரியவில்லை, அல்லது மறந்துவிட்டார். மனநோய் உள்ளவர்கள் விஷயத்தில் முதல் அனுமானம் பெரும்பாலும் தவறு. ஜோசப் ஃபர்த் குழுவினர் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், தீவிர மனநோய் உள்ளவர்களில் 91 விழுக்காட்டினர் உடல்நலம் மேம்படுவதை உடற்பயிற்சிக்கான காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். 81 விழுக்காட்டினர் அது மனநிலையையும் தேற்றும் என்றார்கள். பயிற்சி நல்லது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை. அதே ஆய்வில் எது தடுக்கிறது என்று கேட்டபோது 61 விழுக்காட்டினர் சொன்ன பதில் சோர்ந்த மனமும் மன அழுத்தமும். 50 விழுக்காட்டினர் ஆதரவு இல்லை என்றார்கள். எதற்கு மருந்தாகப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறோமோ அதுவே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. மறதி என்ற இரண்டாவது அனுமானத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. மனச்சிதைவு நோயில் நினைவாற்றலும் திட்டமிடும் திறனும் குறைவது தெரிந்த விஷயம். ஆயினும் மாத்திரையை மறப்பதும் நடையை மறப்பதும் ஒன்றல்ல. மாத்திரை நினைவுக்கு வந்தால் விழுங்கி முடிக்க அரை நிமிடம் போதும். நடை நினைவுக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எழ வேண்டும், சட்டை மாற்ற வேண்டும், செருப்பைத் தேட வேண்டும், தெருவில் நாலு பேர் பார்வையைத் தாண்ட வேண்டும்.

மனச்சிதைவு நோய் என்றதும் இல்லாத குரல் கேட்பதும் சந்தேகமும்தான் பொதுவாக நினைவுக்கு வரும். நோயாளியின் அன்றாட வாழ்வை அவற்றைவிட ஆழமாகக் குலைப்பது, மருத்துவர்கள் எதிர்மறை அறிகுறிகள் என்று சொல்கிற முனைப்பின்மையும் ஒதுங்கலும். வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். ஆன் கிரிங், டேவிட் கார்டு ஆகிய உளவியலாளர்கள் இதை நுணுகிப் பார்த்து 2007இல் எழுதினார்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் ஓர் இன்பத்தை அனுபவிக்கும் நேரத்தில் அதை ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே உணர்கிறார்கள். வரப்போகிற இன்பத்தை முன்கூட்டியே மனதில் சுவைப்பதில்தான் குறை. நடந்துகொண்டிருக்கும்போது காற்று அவருக்கும் இதமாகத்தான் இருக்கும். நாளை நடந்தால் இதமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புதான் உள்ளே ஊறுவதில்லை. உடற்பயிற்சிச் செய்திகள் என்று நாம் காண்பவற்றில் பெரும்பாலானவை இந்த எதிர்பார்ப்பை நம்பியே எழுதப்படுகின்றன. ‘தினமும் நடங்கள், புத்துணர்ச்சி பெறுங்கள்’ என்ற வாக்கியம், படிப்பவரின் மனதில் எந்தத் திறன் மிக நலிந்திருக்கிறதோ அதனிடமே வேலை கேட்கிறது. தெரிந்தே இப்படி எழுதுவது வைத்தியத்துக்கு அடுக்காது.

குறுஞ்செய்தியால் ஒன்றும் ஆகாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. மனநோய் இல்லாதவர்களிடையே, குறிப்பாக இதய நோய் உள்ளவர்களிடையே, அது பலன் தந்ததற்கு நல்ல சான்றுகள் உண்டு. சிட்னியில் இதயத் தமனி நோய் உள்ள 710 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 6 மாதங்கள் வாரத்துக்கு 4 செய்திகள் பெற்றவர்களின் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பெறாதவர்களைவிடக் குறைந்தன, உடலுழைப்பு கூடியது. அதே ஆண்டில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இதய நோய்த் தடுப்பு மையத்தில் 48 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. கையில் காலடி எண்ணும் கருவியை மட்டும் கட்டிக்கொண்டவர்களிடம் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. கருவி தரும் எண்ணிக்கைக்கு ஏற்ப அன்றாடம் செய்திகளும் வந்தவர்கள், வராதவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 2,500 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் அது சில வாரங்களே நீடித்த ஆய்வு. நாள் போகப் போக என்ன ஆகும் என்பதை 2019இல் வெளியான ‘ஹார்ட்ஸ்டெப்ஸ்’ ஆய்வு காட்டியது. 44 பேரின் கைபேசிக்கு ஒரு நாளில் 5 வேளைகளில் செய்தி போகலாம். போகுமா போகாதா என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கலில் முடிவாகும். செய்தி வந்த அடுத்த 30 நிமிடங்களில் எத்தனை அடி நடந்தார்கள் என்று எண்ணினார்கள். தொடக்கத்தில் செய்தி வந்தால் நடை 66 விழுக்காடு கூடியது. வாரங்கள் செல்லச் செல்ல அந்தக் கூடுதல் தேய்ந்தது. 6 வாரங்களுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 14 விழுக்காடு, அதாவது 35 காலடி. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற தூரம். இன்னொன்றும் தெரியவந்தது: ‘நடந்துவிட்டு வாருங்கள்’ என்ற செய்திக்குப் பலன் இருந்தது, ‘ஒரே இடத்தில் உட்காராதீர்கள்’ என்ற ரகச் செய்திக்கு இல்லவே இல்லை. எதைச் செய்யக் கூடாது என்று சொல்வதைவிட எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது மேல் என்பது ஒரு பாடம். அதைவிடப் பெரிய பாடம், செய்தி தானாகத் தருவது ஓர் உந்துதலை மட்டுமே என்பது. அந்த உந்துதலுக்கு ஆயுள் அரை மணி நேரம், அந்த உந்துதலின் பழக்கத்துக்கு ஆயுள் சில வாரம்.

தேய்வைத் தடுக்கத் திட்டமிடல் உதவுமா என்று சிலர் ஆராய்ந்தார்கள். ‘இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடும் என்பது ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் முன்வைத்த கருத்து. இங்கிலாந்தில் 248 மாணவர்களிடம் 2002இல் நடந்த சோதனையில், உடற்பயிற்சியின் நன்மைகளைப் படித்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள்தான் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள். படித்ததோடு நாளும் இடமும் குறித்துக்கொண்டவர்களில் 91 விழுக்காட்டினர் செய்தார்கள். பிறகு ஆண்ட்ரூ பிரெஸ்ட்விச் குழுவினர் இப்படிக் குறித்த திட்டத்தைக் குறுஞ்செய்தியாக நினைவூட்டிப் பார்த்தபோது, இரண்டும் சேர்ந்தது தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்தது. மாணவர்களுக்கு ஆனது மனநோயாளிகளுக்கும் ஆகும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஜெர்மனியில் மனச்சிதைவு உள்ள 36 உள்நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்விலும், நோயாளியின் விருப்பத்துக்கு விட்ட பயிற்சிக்கு இப்படித் திட்டமிட்டவர்கள் கூடுதலாக வந்தார்கள், தொடர்ந்தும் வந்தார்கள். இதைச் செய்தியாக்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ‘உடற்பயிற்சி மனதுக்கும் உடலுக்கும் நல்லது. இன்றே தொடங்குங்கள்’ என்பது ஒரு வகை. ‘அண்ணே, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயில் வாசல்ல நிப்பேன். குளம் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்’ என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் நன்மை பற்றி ஒரு சொல் இல்லை. நேரம், இடம், தூரம், துணை நான்கும் இருக்கின்றன. முன்கூட்டிச் சுவைக்க முடியாதவருக்கு அந்தச் செய்தி எந்த இன்பத்தையும் வாக்களிக்கவில்லை. முடிவெடுக்க வேண்டிய சுமையை மட்டும் பாதி இறக்கிவைக்கிறது.

நேரம் என்பதும் சாதாரண விஷயமில்லை. தூக்கக் கலக்கம் தரும் மருந்துகளை இரவில் சாப்பிடச் சொல்வது வழக்கம். அவற்றின் மந்தம் மறுநாள் காலைவரை நீடிக்கும். காலை 6 மணிக்கு ‘எழுந்து நடங்கள்’ என்று வருகிற செய்தி, ஓலான்சபைன் சாப்பிட்டுப் படுத்தவரை எழுப்பப்போவதில்லை. 10 மணிக்கு எழுந்ததும், செய்யத் தவறிய ஒன்றைச் சுட்டிக்காட்டும் குற்றச்சாட்டாக அது திரையில் காத்திருக்கும். மனச்சோர்வு உள்ளவருக்கு ஏற்கெனவே குற்றவுணர்வு போதுமான அளவுக்கு மேல் இருக்கிறது. யாருக்கு எப்போது எந்த வகைச் செய்தி எடுபடுகிறது என்பதைக் கணினியே அவருடைய நடையிலிருந்து கற்றுக்கொண்டு தேர்ந்தெடுக்கும் முயற்சியைச் சான் பிரான்சிஸ்கோவில் அட்ரியன் அகிலேரா குழுவினர் மேற்கொண்டார்கள். சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த ஏழை நோயாளிகளுக்கு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் செய்தி போனது. மதிக்கத்தக்க முயற்சி. நேரத்தையும் தொனியையும் இப்படிச் சீர்செய்துவிடலாம். கோயில் வாசலில் நிற்கும் ஆளைக் கணினியால் உண்டாக்க முடியாது.

அப்படியானால் மனிதர்தான் மருந்தா? இப்படிச் சொல்லிவிட்டால் கேட்க இதமாக இருக்கும், ஆனால் சான்றுகள் அதற்கும் முழுமையாக இடம் தரவில்லை. டென்மார்க்கில் மனச்சிதைவு உள்ள 428 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ‘சேஞ்ச்’ ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஓராண்டு முழுவதும் ஒரு பிரிவினர் ஒவ்வொருவரையும் சந்தித்து உணவு, நடை, புகை பற்றிப் பேசினார்கள். இதய நோய் அபாயம் குறையவில்லை. இங்கிலாந்தின் ‘ஸ்டெப்வைஸ்’ ஆய்வில் 414 பேரில் ஒரு பாதியினருக்குக் குழு வகுப்புகளும் தொடர் தொலைபேசி ஆதரவும் கிடைத்தன. ஓராண்டு முடிவில் எடையில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 291 பேரிடம் நடந்த ‘அச்சீவ்’ ஆய்வு மட்டும் வேறு முடிவைத் தந்தது. 18 மாத முடிவில் திட்டத்தில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். மற்ற பல ஆய்வுகளில் தொடக்கத்தில் இறங்கிய எடை பிறகு ஏறிவிடும், இங்கே மாதங்கள் கூடக்கூட இறங்கிக்கொண்டே போனது. வித்தியாசம் எங்கே? என் கணிப்பில் ஒரே இடத்தில்தான். முதல் இரண்டிலும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசினார்கள், மூன்றாவதில் உடற்பயிற்சி நடந்தது. நோயாளிகள் ஏற்கெனவே வந்துபோகும் மறுவாழ்வு மையங்களிலேயே கூட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தப்பட்டது. வந்தவர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் தானும் எழ வேண்டியதுதான்.

மனச்சோர்வு ஆய்வுகளிலும் இதே கோடு ஓடுகிறது. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமந்தால் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 156 முதியவர்களில் மேற்பார்வையில் வாரம் 3 முறை பயிற்சி செய்தவர்கள் 16 வார முடிவில் செர்ட்ராலின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஈடாகத் தேறினார்கள். இங்கிலாந்தில் 361 பேரில் ஒரு பாதியினருக்கு, பயிற்சி செய்யும்படி நேரிலும் தொலைபேசியிலும் ஊக்கம் மட்டும் அளித்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தபோது, அவர்கள் தங்கள் கூற்றுப்படி கூடுதலாக நடந்திருந்தார்கள், மனச்சோர்வு குறையவில்லை. செய்திகள் பேச்சுக்கு நெருங்கிய உறவு. எனவே பேச்சு தோற்ற இடத்தில் பேச்சைச் சுருக்கித் திரையில் அனுப்பினால் வென்றுவிடும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை. இந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். புளூமந்தால் 2007இல் 202 பேரிடம் மீண்டும் ஆராய்ந்தபோது, மேற்பார்வையில் செய்தவர்களில் 45 விழுக்காட்டினரும் வீட்டிலேயே செய்தவர்களில் 40 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். வீட்டுப் பயிற்சி அப்படியொன்றும் பின்தங்கவில்லை. ஆனால் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 31 விழுக்காட்டினர் மீண்டார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் அந்த 40-ஐப் படிக்க வேண்டும்.

செய்தியும் மனிதரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உடற்பயிற்சித் துறையில் இல்லை, மருந்து ஒழுங்கில் இருக்கிறது. சீனாவின் ஹுனான் மாகாணத்து லியூயாங் பகுதிக் கிராமங்களில் மனச்சிதைவு உள்ள 278 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2019இல் வெளியானது. நோயாளிக்கு மாத்திரையை நினைவூட்டிக் குறுஞ்செய்தி போகும். அதோடு நிற்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளரைக் குறித்தார்கள். பெரும்பாலும் வீட்டில் ஒருவர், இல்லையென்றால் ஊரில் ஒருவர். அவருக்கும் செய்தி போகும். கிராம மருத்துவரும் இந்தச் சங்கிலியில் இருந்தார். வழக்கமான அரசுத் திட்டத்தில் பரிந்துரைத்த மருந்தில் 48 விழுக்காடு உள்ளே போயிற்று என்றால் இங்கே 61 விழுக்காடு போயிற்று, மருத்துவமனையில் மீண்டும் சேர்ப்பதும் குறைந்தது. இதில் செய்தியின் பங்கு எவ்வளவு, துணையாளரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாதது ஆய்வின் குறை என்று புள்ளியியலாளர் சொல்வார், சரிதான். ஆனால் திட்டம் தீட்டுபவருக்கு அந்தச் சேர்க்கையே செய்தி. சிகாகோவில் டிரோர் பென்-ஸீவ் குழுவினர் 163 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மையத்துக்கு வந்து குழுவில் உட்காரச் சொன்னவர்களில் 58 விழுக்காட்டினர்தான் சிகிச்சையைத் தொடங்கினார்கள். கைபேசிச் செயலி தரப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் தொடங்கினார்கள். வாசல்படி தாண்ட முடியாதவரைக் கைபேசி எட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் அந்தச் செயலிக்குப் பின்னால் வாரந்தோறும் தொலைபேசியில் விசாரிக்க ஓர் ஆதரவுப் பணியாளர் இருந்தார். வெற்றிச் செய்தியாக இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் அவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, காசு. கோயில் வாசலில் நிற்க ஆள் கிடைத்தால் கைபேசி எதற்கு, ஆள் இல்லாததால்தானே செய்தி அனுப்புகிறோம், ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் இல்லையா? நியாயமான கேள்வி. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் மனநோய் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதாகக் கண்டது. மருந்துக்கே வழியில்லாத இடத்தில் நடைக்குத் துணை கேட்பது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் ‘ஏதோ ஒன்று’ என்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு முறை செய்திகளால் சலித்துப்போனவர் அடுத்த முறை அந்த எண்ணிலிருந்து வருவதைத் திறக்கமாட்டார். அரசுக் கோப்பிலோ வேறு கணக்கு: இத்தனை லட்சம் செய்திகள் அனுப்பப்பட்டன என்று அறிக்கை தயாராகிவிடும், ஆள் நியமிப்பது பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும். மலிவானது பற்றாக்குறையை மூடிமறைக்கும்போது அது உண்மையில் மலிவாக இருப்பதில்லை. மனிதத் துணை என்றால் மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்றிலும் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ‘காப்சி’ ஆய்வில், உள்ளூர்வாசிகளைப் பயிற்றுவித்து வீட்டுக்கே அனுப்பினார்கள். தமிழ்நாட்டுப் பகுதியைக் கவனித்துக்கொண்டது, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பு. ஓராண்டில் அறிகுறிகளும் இயலாமையும் கொஞ்சம் குறைந்தன. பெரிய பாய்ச்சல் இல்லை, செலவும் கூடத்தான் ஆயிற்று. ஆனால் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரரால் இது முடியும் என்று உறுதியாயிற்று. ஓர் உள்ளூர்ப் பணியாளர் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அவர் கைபேசியில் தொடர்புவைத்திருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. குறுஞ்செய்தி காசை மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுதான்: பணியாளரை நீக்கி அல்ல, அவருடைய கையை நீட்டி.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உடற்பயிற்சி மனநோய்க்குப் பலன் தரும் என்பதே அவ்வளவு உறுதியா? 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் சேர்த்து 2024இல் வெளியான தொகுப்பாய்வு, நடை, ஓட்டம், யோகா, தசைப்பயிற்சி எல்லாம் மனச்சோர்வைக் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடத்தப்பட்ட முறையில் கோளாறுகள் இருந்தன என்பதையும் அதே ஆசிரியர்கள் மறைக்காமல் எழுதினார்கள். பயிற்சி செய்பவருக்குத் தான் பயிற்சி செய்வது தெரியாமல் வைத்திருக்க முடியாது, ஆகவே இந்தத் துறையில் எண்கள் சற்று ஊதியே இருக்கும். மனச்சிதைவிலும் நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் 61 பேரிடம் நடந்து 2007இல் வெளியானதில், 4 மாத முடிவில் யோகா செய்தவர்களுக்கு எதிர்மறை அறிகுறிகள் மற்ற உடற்பயிற்சி செய்தவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. இவற்றைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. மனநோய் துளிகூடக் குறையாவிட்டாலும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை தரும் பலன் மனநோயாளிக்கும் உண்டு. அவர் 10 முதல் 20 ஆண்டு முன்னதாக இறப்பதற்குப் பெருங்காரணம் அந்த நோய்கள்தான் என்றால், நடைக்கு வேறு நியாயம் எதற்கு?

சந்தேக நோய் உள்ளவருக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினால் தன்னை யாரோ கண்காணிப்பதாக நினைக்கமாட்டாரா என்ற அச்சமும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. நினைத்ததைவிட இது அரிதாகவே நேர்கிறது என்று கைபேசி ஆய்வுகளின் அனுபவம் சொல்கிறது. கைபேசியைக் கண்டு விலகும் ஒரு தனி இனமாக மனநோயாளிகளைப் பார்ப்பது நம்முடைய கற்பனை. ஆனால் காலடிகளை எண்ணும் கருவி கண்காணிப்புத்தான் என்பதை மறுப்பது நேர்மையாகாது. யாருக்கு அந்த எண் போகிறது, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், வேண்டாம் என்றால் ஒரு சொல்லில் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். பயிற்சியே தீங்காகும் நோயாளிகளும் உண்டு. பசியின்மை நோயில் உடலை வருத்திப் பயிற்சி செய்வதே நோயின் கூறு, ‘இன்னும் ஆயிரம் அடி’ என்ற செய்தி அங்கே நஞ்சு. இருதுருவ நோயில் பித்தெழுச்சி வேகமெடுக்கும் கட்டத்திலும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே செய்தி என்ற திட்டத்தால் இவர்களை அடையாளம் காண முடியாது. நேரில் தெரிந்தவரால் முடியும்.

தமிழ்நாட்டுக்கு வந்தால் இந்தப் பொது வாதம் சில குறிப்பான சிக்கல்களில் முட்டும். கைபேசிக் கட்டமைப்பின் கணக்கில் ஒரு குறுஞ்செய்திக்கு ஆங்கிலத்தில் 160 இடங்கள், தமிழில் 70. அதிலும் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘நடைப்பயிற்சி’ என்பது நமக்கு 7 எழுத்து, கைபேசிக்கு 12. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இடம் தீர்ந்து, ஒன்றுக்கு இரண்டு செய்தியாகக் காசு போகும். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியும் இருக்கிறது. மோசடிச் செய்திகளைத் தடுக்க வந்த விதி, அவசியமானதுதான். ஆனால் அதன்படி பெயருக்கும் தேதிக்கும் வெற்றிடம் விட்ட அச்சு வாசகத்தைத்தான் அனுப்பலாம். ‘குளம் வரைக்கும்’ என்பதற்கு அதில் இடமில்லை. ஒரு பணியாளர் தன் கைபேசியிலிருந்து தனக்குத் தெரிந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் நாலு வரிக்கும், பத்து விநாடிக் குரல் பதிவுக்கும் இந்தத் தடை எதுவும் இல்லை. எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்குக் குரல் பதிவுதான் வசதி. அடுத்தது, கைபேசி யாருடையது என்ற கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினரிடமே தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருந்தது. மருமகளுக்கு வரும் செய்தியை மாமியாரோ கணவரோ படிக்கக்கூடும் என்றால், நோயின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ அதில் இருக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோய் பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. திரையில் மேலே மின்னி மறையும் ஒரு வரி போதும், அந்த உரிமை போய்விட. நடை என்பதே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இன்னொன்று. மாலையில் தனியாகத் தெருவில் நடக்கும் பெண்ணிடம் ‘எங்கே கிளம்பிட்டே?’ என்று கேட்காத தெரு எத்தனை? மனநோய் என்று ஊருக்குத் தெரிந்த பெண் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். அவளுக்குத் தேவை நினைவூட்டல் இல்லை, கூட நடக்க இன்னொரு பெண்.

அந்தப் பெண் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்களும் வீட்டுக்கு வருகிறார்கள். மனச்சிதைவு உள்ள ஒருவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அவர் வீட்டு வாசல் இந்தத் தன்னார்வலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய ஊதியமும் வேலைப் பளுவும் இப்போதே விவாதத்துக்குரியவை. அதன் மேல் இன்னொரு வேலையைக் கூலியில்லாமல் ஏற்றச் சொல்வது நியாயமாகாது. வாரம் 2 மாலை, ஓர் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும், அதற்கு ஒருவருக்குத் தனியாக ஊதியம் தர வேண்டும். கைபேசி அந்த நடைக்கு முந்தைய நாள் கூப்பிடவும், வராதவரை மறுநாள் விசாரிக்கவும் பயன்படட்டும். அந்த விசாரிப்பில் ‘ஏன் வரல?’ என்பதைவிட ‘நேத்து உங்களைக் காணோமே’ என்பது நல்லது. முதலாவது பதில் கேட்கிறது, இரண்டாவது வரச்சொல்கிறது. திட்டத்தை அளப்பதானால் எத்தனை செய்தி போனது, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, மூன்றாவது மாதத்தில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

செய்தி அனுப்புபவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடுவது பதிலைப் பற்றி. தானியங்கிச் செய்திக்கும் ஜனங்கள் பதில் போடுவார்கள். ‘வரேன்’ என்று போடுவார்கள், கால் வலி என்று போடுவார்கள், தனியாக இருக்கும் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு, இனி இருந்து என்ன செய்யப்போகிறேன் என்றும் போடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ தொலைபேசி மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அதைச் சேர்த்துவிடலாம், சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பதில் எழுதியது 14416-க்கு இல்லை, தன்னை நடக்கக் கூப்பிட்ட எண்ணுக்கு. அந்த எண்ணுக்கு வருவதை யார், எத்தனை மணிக்குள் படிப்பார்கள், படித்ததும் யாரிடம் சொல்வார்கள், விடுமுறை நாளில் அது யார் பொறுப்பு என்பதை எழுதிவைக்காமல் முதல் செய்தியை அனுப்பக் கூடாது. மருத்துவமனைகளின் ஆய்வு நெறிக்குழுக்கள் ஒப்புதல் தருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கட்டும். செய்தியின் வாசகம் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.